கமலா ஆரஞ்சுக்காரி

டிசம்பர் 14, சனி

காலையிலேயே ஒரு ஆள் வந்து இன்றைய நாளைக் கெடுத்துவிட்டுப் போனான். கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, வந்து நின்றான். லேமினேஷன் என்ன விலை, இந்த ஃபிரேம் என்ன விலை, அந்த ஃபிரேம் என்ன விலை என்று ஒன்று விடாமல் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடி பூராவும் அவன் கைரேகை. கடைசியில் "அப்புறம் வாரேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். போணி ஆகாத கடையில் இப்படியா செய்வார்கள்? ஒரு பாஸ்போர்ட் சைஸாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். முதல் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டால்தான் எனக்கு அன்றைக்குக் கை ஓடும். மத்தியானம் வரை ஈ ஓட்டினேன். அவனை மனசுக்குள் திட்டியபடியே இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு சேதியோடு வந்தார். தை மாசம் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் எங்கள் புதுக் கடை திறப்பு. கல்யாண ஆர்டர் எல்லாம் இனி அங்கேதான். இந்தப் பழைய கடையில் பாஸ்போர்ட் சைஸ், ஜெராக்ஸ், லேமினேஷன் மட்டும். புதுக் கடையில் யார் உட்காருவது என்று வீட்டில் இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. நானா, பொள்ளாச்சியிலிருந்து வந்த என் ஓரகத்தி சுபாஷிணியா என்பதுதான் கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் பேசவில்லை.

இன்று பேசிவிட்டார். "போட்டோகிராபர் சங்கத்துல வியட்நாம் டூர் போறாக. மார்கழியில முகூர்த்தமும் கிடையாது. நானும் தம்பியும் ஆசாரி பின்னாடி நிக்கணும். நீயும் சுபாவும் போயிட்டு வாங்க. அங்க சந்தையில எடுத்த படம் ஒண்ணப் பெருசாக்கி வாசக் கண்ணாடியில ஒட்டிருவோம். யாரு படம் ஏறுதோ, அவுக புதுக் கடையப் பாத்துக்கிடட்டும்."

கல்யாணப் படம் எல்லா ஸ்டுடியோ வாசலிலும் தொங்குகிறதாம். வெளிநாட்டுச் சந்தை என்றால் பஸ்ஸுக்குப் போகிறவன் நின்று பார்ப்பானாம். சரிதான். சுபா "அக்கா படமே வெச்சுக்கலாமுங்க மாமா" என்றாள். இப்படிப் பேசித்தான் அவள் எல்லோரையும் கைக்குள் போட்டுக்கொள்கிறாள்.

டிசம்பர் 16, திங்கள்

எட்டயபுரத்திலிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்தார். மகளுக்குத் தையில் சடங்கு வைத்திருக்கிறார்களாம். இந்த ஊர்ப் பக்கம் சடங்கு, வளைகாப்பு என்றால் பெண்கள் கூடும் இடத்துக்குப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாவின் கல்யாணப் படமே நான் எடுத்ததுதான். "வாரேன் மதினி" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தப் பொள்ளாச்சிப் பிள்ளையை அனுப்ப முடியுமா என்று கேட்டார். இன்ஸ்டாகிராமில் பார்த்தாராம்.

சுபாவிடம் சேதியைச் சொல்ல மறந்துவிட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஹனோய் வந்து சேர்ந்தோம். சங்கத்து ஆட்கள் ஒரு பஸ் நிறைய. அதில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. குளிர் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் நான் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் தன் ஸ்வெட்டர் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். கை கொஞ்சம் இறுக்கம். அவள் மெலிந்த உடம்பு, எனக்கு எப்படிச் சேரும்.

இந்த ஊர்ப் பிளக் துளைக்கு நம் சார்ஜர் நுழையவில்லை. நல்லவேளை, சுபா ஒரு அடாப்டர் கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான்.

டிசம்பர் 21, சனி

முதல் நாள் சந்தை. கைடு பெயர் லின். சுபாவின் வயசுதான் இருக்கும். சுபாவோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

சந்தை என்று தனியாக ஒரு கட்டடம் இல்லை, ஒரு தெருவே சந்தையாகிவிட்டது. வீட்டு வாசல், கரண்ட் கம்பத்தடி, நடைபாதை, எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு கூடை, கூடைக்குப் பக்கத்தில் முழங்காலுயரப் பிளாஸ்டிக் ஸ்டூல். அலுமினியத் தாம்பாளத்தில் மீன் துள்ளித் தரையில் விழுகிறது, மறுபடி எடுத்துப் போடுகிறார்கள். கீரைக் கட்டு, வாழைப்பூ, நூல்கோல். வாழைப்பூவைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இதற்கு நடுவில் மோட்டார் பைக்கில் வந்து, இறங்காமலேயே கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி குழந்தையை முன்னால் நிற்க வைத்தபடி கத்தரிக்காய் பொறுக்குகிறாள். பின்னால் ஹார்ன் அடிக்கிறவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சங்கத்து ஆண்கள் காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி படமாகச் சுட்டுத் தள்ளினார்கள்.

எனக்கு ஒரு முறை உண்டு. ஆளை நிறுத்தி, முதுகை நிமிர்த்தச் சொல்லி, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, பின்னால் குப்பை எதுவும் தெரியாமல் பார்த்துத்தான் எடுப்பேன். இத்தனை வருஷம் எத்தனை மணப்பெண்ணை அப்படி அழகாக்கியிருக்கிறேன். மொழி தெரியாவிட்டால் என்ன, தாடையை விரலால் தொட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும். புரிந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து பாஸ்போர்ட் ஆபீஸில் இருப்பது போல முறைத்தார்கள்.

சுபா எடுக்கவே இல்லை. ஒரு மீன்காரி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஏதோ வாங்கினாள். சிரித்தாள். மீன்காரி மீனைச் செதுக்கிக்கொண்டே அவளிடம் என்னவோ கேட்க, இவள் தமிழிலேயே பதில் சொன்னாள். அரைமணி நேரம் இப்படி வீணாகப் போனது. ஒரு முறை மட்டும் கேமராவைத் தூக்கியதைப் பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்த ஒரு படத்தை எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மீன்காரி புறங்கையால் கன்னத்துச் செதிலைத் துடைக்கிறாள், துடைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான் படம். சங்கத் தலைவர் என்னிடமே வந்து "ஒங்க ஓரகத்திக்குக் கண்ணு இருக்கும்மா" என்றார். எனக்கும் இரண்டு கண் இருக்கிறது. படம் நன்றாகத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை.

படம் எப்படி என்று சுபா கேட்டாள். பின்னால் குப்பைக் கூடை தெரிகிறது என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

படகுச் சவாரி. நாளைக் காலை கடைசிச் சந்தை, அதற்குப் பிறகு கடை, கோயில், கிளம்ப வேண்டியதுதான்.

சுபா இரண்டு பேட்டரியையும் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். என் ஃபோனில் சார்ஜ் சுத்தமாக இல்லை. காலையில் எழுந்திருக்க அலாரம் வேண்டாமா? அடாப்டர் ஒன்றுதானே. போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

இன்று என் நாள்.

முதலில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலையில் சுபாவின் இரண்டு பேட்டரியும் செத்துக் கிடந்தன. அவள் சார்ஜரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு கேமராவைப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். "அலாரத்துக்குத்தான்" என்று நானாகவே சொன்னேன். "பரவாயில்லீங்க்கா, நான் சும்மா வேடிக்கை பாக்கறனுங்க" என்றாள். ஃபோனில் எடுக்கலாமே என்றதற்கு, பெரிதாக்கினால் படம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும் என்றாள். அது எனக்கும் தெரியும்.

மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் முந்திக்கொண்டேன். சுபாவும் லின்னும் பின்னால் வந்தார்கள். தெருவில் அப்போதுதான் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈர ரோடு, மஞ்சள் பல்பு, புகை மாதிரிப் பனி. ஒரு சந்து முனையில் ஒரு கமலா ஆரஞ்சுக்காரி சைக்கிளிலிருந்து கூடையை இறக்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் வயசு. கூம்புத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துண்டு. பழம் எல்லாம் இலையோடு பறித்தது. இவள்தான் என் ஆள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கூடையில் பழம் கன்னாபின்னாவென்று கிடந்தது. அப்படியே எடுத்தால் என்ன படம்? கல்யாண வீட்டில் சீர்த்தட்டை நான் தொடாமல் யாரும் எடுத்ததில்லை, அடுக்கிக் கொடுத்தால்தான் தட்டுக்கே மரியாதை. உட்கார்ந்து பழங்களைக் கோபுரமாக அடுக்கினேன். அழுகல் இருந்ததைப் பின்னால் தள்ளினேன், இலை எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் திருப்பினேன். அவள் என்னவோ சொன்னாள். ஒரு பழத்தை உரித்து இரண்டு சுளை நீட்டினாள். தின்றேன், தேனாக இருந்தது. விரலை விரித்து விலை காட்டினாள். அது இருக்கட்டும் என்று கையமர்த்திவிட்டு, தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தாடையைத் தொட்டு இறக்கினேன். எடுத்தேன். இந்தப் பக்கமிருந்து எடுத்தேன், அந்தப் பக்கமிருந்து எடுத்தேன். அவள் முகம் மரப்பலகை மாதிரி ஆகிவிட்டது. நல்ல வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இது தேறாது என்று எழுந்து, கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னால் ஏதோ வெளிச்சம். திரும்பினால், அவள் ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி, எழுந்து நின்று, நான் அடுக்கிய கோபுரத்தைச் சுற்றுகிறாள். கூடைக்கு மேலே, கீழே, பிறகு நான் நின்ற இடத்தைப் பார்த்து ஒரு வீச்சு. திருஷ்டி கழிக்கிறாள். நம் ஊர் மாதிரியே. கேமரா கையில்தான் இருந்தது, அடித்துவிட்டேன். நெருப்பு அவள் கையிலிருந்து வளையமாக வந்து நிற்கிறது, தொப்பிக்குக் கீழே இரண்டு கண்ணும் நேராக என்னைப் பார்க்கின்றன. அந்தக் கண்ணில் என்ன ஒரு ஒளி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் கை பட்டதும் பழம் அப்படி அழகாகிவிட்டது, கண்பட்டுவிடும் என்று பயந்துவிட்டாள் பாவம். எனக்கும் சேர்த்துத்தான் சுற்றிப்போட்டிருக்கிறாள், இல்லாவிட்டால் என் பக்கம் ஏன் வீச வேண்டும்? எங்கே பிறந்தவளோ, என் அருமை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொந்த ஊரில் இருபது வருஷமாக யாரும் எனக்குச் சுற்றிப்போட்டதில்லை.

சுபா எதிரில் டீக்கடை ஸ்டூலில் லின்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஸ்கிரீனைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "படம் ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க்கா" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கா புரியாது? முந்தாநாள் ராத்திரி என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பூக்கடைச் சந்துக்கு நான் முன்னால் போய்விட்டேன்.

அவள் பஸ்ஸுக்குக் கடைசியாக வந்தாள். ஒரு பெரிய சாக்கு நிறைய கமலா ஆரஞ்சு, ஒரு பக்கம் லின் பிடிக்க, ஒரு பக்கம் இவள். பஸ்ஸே சிரித்தது. நாளை மறுநாள் விமானம் ஏறப் போகிறவள் கூடையோடு பழம் வாங்குவாளா? கேட்டால் "இனிப்பா இருந்துதுங்க" என்கிறாள். படிப்பு இருந்தால் போதுமா, விவரம் வேண்டாமா?

டிசம்பர் 24, செவ்வாய்

பஸ்ஸில் எல்லோரும் பழம் தின்றார்கள். நானும் நாலைந்து தின்றேன். மிச்சத்தை ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் கடைக்குப் போனவள் இன்னொரு அடாப்டர் வாங்கி வந்து என் தலையணைப் பக்கத்தில் வைத்தாள். "உங்களுக்கொண்ணு, எனக்கொண்ணு இருக்கட்டுங்க்கா" என்றாள். நாளைக்கு ஊருக்குப் போகிறோம், இனி எதற்கு இந்த வீண் செலவு என்று கேட்டேன். பெட்டி அடுக்குவதில் ரொம்ப மும்முரம்.

டிசம்பர் 28, சனி

வீட்டில் எல்லாப் படத்தையும் பெரிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். மீன்காரியைப் பார்த்துக் கொழுந்தன் வாயைப் பிளந்தார், பெண்டாட்டி எடுத்ததல்லவா. அடுத்து என் கமலா ஆரஞ்சுக்காரி வந்தாள். வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"செண்பகம், இத நீயா எடுத்த?" என்றார்.

இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் அவர் குரலில் இருந்த மரியாதையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. என் படம்தான் ஏறப் போகிறது. புதுக் கடை நாற்காலி எனக்கு. கொழுந்தன்கூட "மதினி படந்தான்" என்று ஒப்புக்கொண்டார். சுபா எனக்குக் கைகொடுத்தாள். அவள் உள்ளங்கை குளிர்ந்து கிடந்தது.

நல்ல பசி. ராத்திரி நாலு தோசை.

ஜனவரி 5, ஞாயிறு

மதுரையிலிருந்து பிரிண்ட் வந்துவிட்டது. என்னைவிடப் பெரிய ஆளாக நிற்கிறாள். சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஒட்டுவதற்குள் ஆட்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். "வியட்நாமில் திருஷ்டி கழிக்கும் தாய்" என்று போடச் சொன்னேன். சுபா குறுக்கே விழுந்தாள். வெறுமனே "ஹனோய், காலைச் சந்தை" என்று போதுமாம். ஏன் என்று கேட்டால், விஷயம் சரியாகத் தெரியாமல் எழுத வேண்டாமாம். அப்படியானால் லின்னிடம் கேட்டுச் சொல் என்றார் இவர். கேட்கிறேன் என்றாள். சாயங்காலம் கேட்டதற்கு, லின் பதில் போடவில்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

படத்தைத்தான் தடுக்க முடியவில்லை, ஒரு வரியையாவது தடுப்போம் என்று பார்க்கிறாள். மற்றவர் நன்றாக இருந்தால் சிலருக்குப் பொறுக்காது.

ஜனவரி 7, செவ்வாய்

எட்டயபுரத்து அம்மா மறுபடி ஃபோன் செய்தார். ஆர்டரைச் சுபாவிடம் சொல்லிவிட்டேன். இனி என்ன, புதுக் கடையே என்னிடம் இருக்கிறது, சடங்கு வீட்டுக்கு அவள் போகட்டும். "ரொம்ப தேங்ஸுங்க்கா" என்றாள். டிசம்பரிலேயே கேட்டார்களாமே என்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி 8, புதன்

டூர் குரூப்பில் லின்னின் நம்பர் இருந்தது. எனக்கென்ன கேட்கத் தெரியாதா? படத்தை அனுப்பி, ஃபோனில் தமிழில் பேசி, அதையே வியட்நாம் மொழிக்கு மாற்றி அனுப்பினேன். நான் தோசைக்கு மாவு கரைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பதில் போடாத ஆளா இது?

ஃபோன் மாற்றிக் கொடுத்த தமிழ் அரைகுறைதான். ஆனால் விஷயம் தெளிவாகப் புரிந்தது. அவர்கள் ஊரில் காலையில் முதலில் வருகிற ஆள் ராசியான ஆளாக இருக்க வேண்டுமாம். அந்த ஆள் பொருளைத் தொட்டு, கலைத்து, ருசி பார்த்து, ஒன்றும் வாங்காமல் போனால் அன்று முழுக்க வியாபாரம் விளங்காதாம். அப்படி ஒரு பீடை வந்துவிட்டுப் போனால், கடைக்காரர்கள் தாளைக் கொளுத்திப் பொருளைச் சுற்றி, போன ஆளின் முதுகுக்கு நேரே வீசி விரட்டுவார்களாம். இப்போதெல்லாம் இவ்வளவு கோபமாக யாரும் செய்து பார்த்ததில்லை, அருமையான படம் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு, யாரை விரட்டுகிறாள் என்று கேட்டிருந்தாள்.

அடுப்பில் கல் காய்ந்து புகைந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் போணிக்கு உயிரை விடுகிறவள். அந்த லேமினேஷன்காரனை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறவள். அவன் ஃபிரேமைத்தான் தொட்டான். நான் அவள் கூடையைக் கலைத்தேன், சுளையை வாங்கித் தின்றேன், தாடையைத் தொட்டேன், பத்துக் காசுக்குப் பழம் வாங்கவில்லை. கையில் பணம் இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணே என் கண்ணில் படவில்லை. எதிரில் டீக்கடையில் கேமரா இல்லாமல் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான் என் கண் முழுக்க இருந்தாள். அவளை ஜெயிக்க வேண்டும். அது ஒன்றுதான்.

மத்தியானம் புதுக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிதாகப் பார்த்தால் எதுவும் மறையாது. கண்ணில் நான் பார்த்த ஒளி தீயின் வெளிச்சம்தான். மற்றதெல்லாம் கோபம். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிருக்கிறது. அவள் இப்போதும் என்னைத்தான் விரட்டுகிறாள், பஸ் ஸ்டாண்டு ரோட்டில், ஊர் பார்க்க.

யாருக்கும் தெரியாது. சுபா அப்போது எதிரில்தான் இருந்தாள், ஆனால் அவளுக்கு மட்டும் அந்த ஊர் வழக்கம் எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் படம் தேர்ந்தெடுத்த அன்றே போட்டு உடைத்திருப்பாள். நானாக இருந்தால் உடைத்திருப்பேன்.

ஜனவரி 9, வியாழன்

"ஹனோய், காலைச் சந்தை" என்றே எழுதச் சொல்லிவிட்டேன். சுபா சொன்னதே நல்லது என்றேன். வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கும்போது கும்பிட்டேன். வேண்டிக்கொள்ள வாயில் ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

கடை திறந்தாயிற்று. காலையில் கணபதி ஹோமம், பால் காய்ச்சுதல், சொந்தக்காரர்கள், சங்கத்து ஆட்கள். எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். "என்ன கண்ணு, என்ன கண்ணு" என்று தலைவர் என்னைப் பாராட்டினார். நான் சிரித்து வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போனதும் கடையில் நானும் சுபாவும் மட்டும் இருந்தோம். அவள் நாளையிலிருந்து பழைய கடைக்குப் போக வேண்டியவள். இன்று எனக்கு உதவிக்கு நின்றாள்.

அப்போதுதான் முதல் வாடிக்கையாளர் வந்தார். பட்டுச்சேலை கட்டிய அம்மா, கையில் வாட்ச், மூச்சு விடாமல் பேச்சு. ஆல்பம் என்ன விலை, வீடியோ என்ன விலை, அந்த ஃபிரேம், இந்த ஃபிரேம். நான் வரிசையாக அடுக்கி வைத்த சாம்பிள் ஆல்பம் ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டி வேறு இடத்தில் வைத்தார். வந்தவர்களுக்கு வைத்திருந்த தட்டில் இரண்டு மைசூர்பாகை எடுத்துக்கொண்டார். பிறகு "வீட்ல கலந்துக்கிட்டு வாரோம்" என்று கிளம்பிவிட்டார். புதுக் கடை, முதல் நாள், முதல் ஆள், போணி இல்லை.

அவர் வாசலைத் தாண்டும்போது கண்ணாடியில் இருந்த ஆரஞ்சுக்காரி படத்தின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீ அந்தப் பக்கம் இருந்தது. சுபாவைப் பார்க்காமல் ஆல்பங்களைத் திரும்ப அடுக்கினேன்.

அவள் பக்கத்தில் வந்து, ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, பேப்பர் கொளுத்தட்டுங்களா?"

ஆல்பம் என் கையிலிருந்து நழுவியது. அவள்தான் பிடித்தாள். முகத்தில் குத்தல் இல்லை, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். அந்தக் காலையிலேயே டீக்கடையில் லின் சொல்லிவிட்டாளாம். லின் ஓடிவந்து என்னிடம் சொல்லக் கிளம்பியபோது இவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம். ஆசையாய் எடுத்த படம், ஊர் போய்ச் சேரும் வரை அக்கா சந்தோஷமாக இருக்கட்டும் என்றாளாம். யாரை விரட்டுகிறாள் என்று லின் தெரியாதவள் போலக் கேட்டதும் அதனால்தான்.

"பழம்?" என்றேன்.

"ஒரு கிலோ வாங்கினா அந்தம்மா மொகம் மாறலீங்க்கா. சரி, கூடையோட குடுங்கன்னு வாங்கிட்டேன். அப்பறம் சிரிச்சிருச்சுங்க."

என் பீடையை அவள் காசு கொடுத்துக் கழித்திருக்கிறாள். அந்தப் பழத்தை நான் தின்றுகொண்டே அவளுக்கு விவரம் இல்லை என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். இது தெரிந்தவளுக்கு மற்றதும் தெரிந்திருக்கும். தலையணைப் பக்கத்தில் அடாப்டரை எதற்கு வைத்தாள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த நாற்காலி அவளுடையது. சொல்லவில்லை.

எழுதிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் வயசு, அவள் பேச்சு, அவள் படம், எல்லாவற்றின்மேலும் இருந்தது. இன்றைக்கு அவள் மனசு மேலும் வந்துவிட்டது. அதில் மட்டுமாவது நான் பெரியவளாக இருந்திருக்கலாம். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், சுபாவும் புதுக் கடையிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட் சைஸுக்கு வேறு ஆள் போடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டார். தனியாக விட்டால் பழைய கடையையும் ஊரே பேசும்படி ஆக்கிவிடுவாள், கண் முன்னால் இருந்தால் எனக்கு நிம்மதி. அவ்வளவுதான்.

நடுவில் நடந்ததை எழுத விட்டுவிட்டேன். அந்த அம்மா போன பிறகு சுபா கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய், வாடிக்கையாளர் மாதிரி நின்று, பர்ஸைத் திறந்தாள். "எனக்கொரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடுங்க்கா. போணி நான் பண்றனுங்க" என்றாள்.

உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தேன். தாடையை இறக்கச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவள் எப்படி உட்கார்ந்தாளோ அப்படியே எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது.

ரூபாய் நோட்டை நீட்டினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண்ணிலிருந்து உடனே எடுக்க முடியவில்லை. அவள் திரும்பி ஆல்பங்களை அடுக்க ஆரம்பித்தாள்.